நீரறிந்தவரும் தூண்டில் பிடித்தவரும்

ஓர் ஊரின் பெயரே பலவேளைகளில் அவ்வூரைப் பற்றிய முதல் வரலாற்றுக் குறிப்பாக அமைந்துவிடுகிறது. பேராக் மாநிலத்தின் வடமேற்கில், கிரியான் மாவட்டத்தில் அமைந்துள்ள பாகான் செராய் அத்தகைய ஊர். மலாய் மொழியில் 'பாகான்' என்பது படகு அணையும் துறை. 'செராய்' என்பது குழம்புக்கு மணம் சேர்க்கும் எலுமிச்சைப்புல். புல் மணக்கும் படகுத்துறை என்று பெயரிட்டவர் எவரோ, அவர் நீரோடு வாழ்ந்தவர் என்பது உறுதி.

அதே மாவட்டத்தின் கடற்கரையில் குவாலா குராவ் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. குராவ் ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் அது. 'குராவ்' என்னும் சொல் மலாய் மொழியில் ஒருவகைக் கடல்மீனையும் குறிக்கும். தமிழ்நாட்டுக் கரையோர மக்கள் 'காலா' என வழங்கும் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. கீழை நாடுகளுக்கு வந்த ஆங்கிலேயர் இக்குடும்பத்து மீனுக்கு 'இந்தியச் சால்மன்' எனப் பெயர் சூட்டினர். உண்மையில் சால்மனுக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை. பிறந்த நாட்டில் பிடித்துப் பழகிய மீனை வந்த நாட்டிலும் தேடிய மனம், கண்ட மீனுக்கெல்லாம் அப்பெயரையே இட்டது.

அந்தத் தேட்டம் பெயரிடுதலோடு நிற்கவில்லை. கடல் கடந்து முட்டைகளைக் கொண்டுவந்தது, மலை ஓடைகளில் புதிய மீனை விட்டது, சட்டம் இயற்றியது, உரிமச்சீட்டு வழங்கியது, ஆற்றை அறிந்த உள்ளூர் மக்களைத் தூண்டிலாளருக்கு வழித்துணையாக நிறுத்தியது. இன்று உலகின் பல பகுதிகளில் வழிகாட்டியுடன் செல்லும் தூண்டிற் பயணம் ஒரு தொழிலாக வளர்ந்திருப்பதற்கு இதுவே தொடக்கம். இத்தொழிலின் வரலாற்றில் தமிழர் வாழ்ந்த மலைகளுக்கும் ஆறுகளுக்கும் ஓர் இடம் உண்டு. அதனை ஆராய்வது, பிடித்தவரின் பெயர் எவ்வாறு நின்றது, காட்டிக்கொடுத்தவரின் பெயர் எவ்வாறு மறைந்தது என்பதை அறிவதும் ஆகும்.

உணவுக்கான தூண்டிலும் விளையாட்டுத் தூண்டிலும்

தூண்டில் தமிழருக்குப் புதிய கருவி அன்று. நுண்ணிய கோலில் நாண் கட்டி மீன் பிடித்த பாண்மகளைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அம்மீன் உணவுக்கும் பண்டமாற்றுக்கும் உரியது. பிடித்தவளும் நீரை அறிந்தவளும் அங்கே ஒருத்தியே. மடு எங்கே ஆழம், வாளை எப்பொழுது மேலெழும், வரால் எந்தச் சேற்றில் பதுங்கும் என்பதை அவளுக்குப் பிறர் சொல்லவேண்டியதில்லை.

விளையாட்டுத் தூண்டிலில் இவ்விருவரும் பிரிகின்றனர். 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களில் பெருநிலக்கிழார்களின் சால்மன் ஆறுகளுக்கு நகரத்துச் செல்வர் விடுமுறைக்கு வந்தனர். அவர்களுக்கு ஆறு புதிது. ஆகவே, அவ்வட்டாரத்து ஆள் ஒருவர் உடன் சென்றார். அவருக்குக் 'கில்லி' என்று பெயர். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பையன், ஏவலாள் என்னும் பொருளுடைய சொல் அது. எந்தப் பாறையின் பின்னே மீன் ஓய்வெடுக்கும், நீர் எந்த அளவு கலங்கினால் எந்த இரையைக் கட்டவேண்டும், கரை எங்கே சரியும் என்பனவெல்லாம் அவரே அறிவார். வலையில் மீனை ஏந்திக் கரை சேர்ப்பதும் அவர் பணியே. ஆயினும் மாளிகைச் சுவரில் பாடம் செய்து மாட்டிய மீனின்கீழ் எழுதப்பட்டது செல்வரின் பெயர். அறிவு ஒருவருடையது, புகழ் மற்றொருவருடையது. 'பையன்' என்ற அச்சொல் பின்னர்க் காவிரிக் கரைவரை வந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சால்மன் தங்கவில்லை, டிரவுட் தங்கியது

சால்மனும் டிரவுட்டும் ஒரே குடும்பத்து மீன்கள். இரண்டும் குளிர்ந்த, தெளிந்த, உயிர்வளி மிகுந்த நீரை விரும்புவன. இவற்றின் வாழ்க்கைமுறையோ வேறு. சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பும். டிரவுட்டில் பெரும்பகுதி பிறந்த ஓடையிலேயே வாழ்ந்து முடியும். இவ்வேறுபாடே பின்னர் நிகழ்ந்தவற்றுக்குக் காரணமாயிற்று.

1864ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சால்மன் முட்டைகளும் டிரவுட் முட்டைகளும் கப்பலில் தாஸ்மேனியாத் தீவுக்கு வந்து சேர்ந்தன. பாசியில் பொதிந்து, பெட்டிகளில் அடுக்கி, பனிக்கட்டிகளுக்கு நடுவில் வைத்து அவற்றைக் கொண்டுவந்தனர். வெப்பமண்டலக் கடலைக் கடந்தும் முட்டைகள் உயிருடன் இருந்தன. பொரித்த குஞ்சுகளை ஆற்றில் விட்டனர். கடலுக்குச் சென்ற சால்மன் திரும்பி வரவில்லை. டிரவுட்டோ பெருகியது. அங்கிருந்து அது நியூசிலாந்துக்கும் சென்றது. குடியேற்ற நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான். அவர்கள் விரும்பியது சால்மன். அவர்களுக்கு வாய்த்தது டிரவுட்.

இம்முறை இலங்கையின் மலைநாட்டையும் எட்டியது. 1880களில் நுவரெலியாவின் ஓடைகளில் பழுப்பு டிரவுட் விடப்பட்டது. பின்னர் வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டும் வந்து, ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த நீரில் வேரூன்றியது. அம்மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளரின் குடியிருப்புகளுக்கு மேலே, தோட்டத்துரைமாரின் விடுமுறை நாள்கள் இந்த ஓடைக்கரைகளிற் கழிந்தன.

நீலகிரியிலும் முயற்சி நடந்தது. இந்திய மீன்களை வகைப்படுத்தி நூல் எழுதிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1860களில் டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். அது பலிக்கவில்லை. மீன் வருவதற்கு முன்பே சட்டம் வந்தது. 1879ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டைக்கும் தூண்டிலுக்கும் பருவமும் உரிமமும் வகுக்கப்பட்டன. 1907இல் எச். சி. வில்சன் என்பாரின் முயற்சியால் அவலாஞ்சியில் மீன் பொரிப்பகம் அமைந்தது. நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து வந்த வானவில் டிரவுட் முட்டைகள் அங்கே பொரித்தன. அவற்றின் குஞ்சுகள் நீலகிரி ஓடைகளில் விடப்பட்டன. மூணாற்று மலைகளிலும் தேயிலைத் தோட்ட அதிகாரிகள் தூண்டிற்சங்கம் அமைத்து டிரவுட்டை வளர்த்தனர். அங்கு இரவிகுளத்து மேட்டுப் புல்வெளியை நன்கு அறிந்த முதுவர் குடியினர் காவலாளராகவும் வழித்துணையாகவும் பணியாற்றினர். அப்பகுதி 1978இல் தேசியப் பூங்காவாயிற்று.

வடக்கே காசுமீரத்திலும் 1900ஆம் ஆண்டில் டிரவுட் வேரூன்றியது. சிறிநகரைச் சூழ்ந்த பனியாறுகளைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாட்சீட்டு வழங்கி, பிடிக்கும் மீனுக்கு வரம்பு விதித்து, உள்ளூர்த் துணையாளை உடன் அனுப்பும் முறை அங்கு வளர்ந்தது. நகரிலிருந்து காலையில் புறப்பட்டு, வழிகாட்டியுடன் ஆற்றை அடைந்து, மாலையில் திரும்பும் இன்றைய தூண்டிற் பயணம் முழு வடிவம் பெற்ற இடங்களுள் அது ஒன்று.

இம்முயற்சிகளால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஓடையின் தூய்மையைக் காக்கவேண்டும் என்ற எண்ணத்தை அவை அதிகாரத்தில் இருந்தோர்க்கு ஊட்டின. எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. வந்த மீனுக்காக ஓடை காக்கப்பட்டது. அவ்வோடையிலேயே பிறந்த சிறு மீனை எவர் கணக்கில் எடுத்தனர்? டிரவுட் ஊன் உண்ணும் மீன். பூச்சியையும் இறாலையும் சிறுமீனையும் உண்டு வளர்வது. அது விடப்பட்ட பல நாடுகளில் நாட்டு மீன்கள் குன்றியமையை உயிரியலார் பதிவு செய்துள்ளனர்.

காவிரி கற்பித்த பாடம்

மலைக்கு மேலே அயல்மீனை வளர்த்த காலத்தில், கீழே ஓடிய ஆறுகளில் டிரவுட்டினும் பன்மடங்கு பெரிய நாட்டு மீன் ஒன்று வாழ்ந்துகொண்டிருந்தது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த மகசீர் அது. தடித்த உதடும், உள்ளங்கை அளவு செதிலும், வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் வலிமையும் உடையது. சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியாற்றிய ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873இல் மங்களூரில் வெளியிட்ட இந்தியத் தூண்டிற்கலை பற்றிய நூலில் இம்மீனைப் போற்றி எழுதினார். அதன்பின் காவிரியும் அதன் கிளையாறுகளும் தூண்டிலாளரின் கனவாயின. 1946ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், காவிரியின் கிளையாறாகிய கபினியில் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பார் 120 இராத்தல் எடையுள்ள மகசீரைப் பிடித்தார். ஏறத்தாழ 54 கிலோகிராம். அந்தப் பதிவில் நிற்பவை மூன்று செய்திகள்: பிடித்தவர் பெயர், மீனின் எடை, ஆற்றின் பெயர்.

விடுதலைக்குப் பின்னர் அணைகள் பெருகின. வெடிவைத்து மீன்பிடிக்கும் கொடிய வழக்கமும் பரவியது. ஒரு வெடியில் மடு முழுவதும் செத்து மிதக்கும். பெரியதும் சிறியதும் ஒன்றாக அழியும். காவிரியில் பெருமீன் இனி இல்லை என்றே பலரும் கருதினர். 1977–78இல் உலகப் பயணம் மேற்கொண்ட ஆங்கிலேய இளைஞர் மூவர் காவிரியில் பெரிய மகசீர்களைப் பிடித்துக் காட்டினர். அச்செய்தி அயல்நாட்டுத் தூண்டிலாளரை மீண்டும் ஈர்த்தது. 1972இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய வனவிலங்குக் கழகமும், பீமேசுவரி, கலிபோரே முதலிய இடங்களில் முகாம் நடத்திய கருநாடக அரசு நிறுவனமும் ஒரு புதிய நெறியைக் கடைப்பிடித்தன. பிடித்த மீனை எடைபோட்டு உயிருடன் ஆற்றிலேயே விடவேண்டும் என்பதே அந்நெறி.

இந்நெறியைச் செயற்படுத்தியவர் யார்? அவ்வூர்களின் மக்களே. முன்பு வெடியாலும் வலையாலும் மீன் பிடித்தவர்களுள் சிலரே முகாம்களில் வழிகாட்டியராகவும் காவலராகவும் அமர்த்தப்பட்டனர். ஸ்காட்லாந்தின் 'கில்லி' என்னும் பெயரே அவர்களுக்கும் வழங்கியது. கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி, உருண்டையாக்கி, தூண்டில் முள்ளைப் பொதிந்து இரை செய்தவர் அவர். கொதிக்கும் நீரோட்டத்திற் பரிசலைச் செலுத்தியவர் அவர். மீன் கயிற்றை இழுத்துக்கொண்டு பாறை இடுக்கில் பாயும்பொழுது, பரிசலுடன் அதனைப் பின்தொடர்ந்து முடிச்சவிழ்த்தவர் அவர். கரையில் யானை நிற்பதையும் மணல்மேட்டில் முதலை கிடப்பதையும் முதலிற் கண்டவரும் அவரே. களைத்த மீனை நீரோட்டத்திற்கு எதிராகத் தாங்கிப்பிடித்து, அது மூச்சுத் தெளிந்து தானே நீந்திச் செல்லும்வரை இடுப்பளவு நீரில் நின்றவரும் அவரே. அவர்களுள் ஒருசிலரின் பெயர் தூண்டிலாளரின் எழுத்துகளில் இடம்பெற்றது உண்மை. பெரும்பாலோர் ஒளிப்படத்தில் மீனின் வாலைத் தாங்கிய கைகளாக மட்டுமே எஞ்சினர்.

இம்முறையால் வெடி ஒடுங்கியது. செத்த மீன் ஒருநாள் விலைக்கு விற்கும். உயிருள்ள மீனோ ஆண்டுதோறும் கூலி தரும். இந்தக் கணக்கை அறிவுரையின் துணையின்றியே அம்மக்கள் உணர்ந்தனர்.

வரலாறு இங்கு ஒரு திருப்பம் கொண்டது. வனவிலங்குக் காப்பகங்களுக்குள் தூண்டில் போடுதல் வேட்டையே ஆகும் என்ற சட்ட விளக்கத்தால், 2012 அளவில் இம்முகாம்களில் தூண்டில் நிறுத்தப்பட்டது. ஆனால் கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்த மீன்களை எழுதிவைத்த பதிவேடு எஞ்சியிருந்தது. ஆராய்ச்சியாளர் அதனை ஆய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். பிடிபட்ட மகசீரின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் உயர்ந்திருந்தது, பாதுகாப்பு பலித்திருந்தது. ஆயினும் பெருகியது காவிரிக்கே உரிய கூன்முதுகு மகசீர் அன்று. வெளியிலிருந்து பொரிப்பகக் குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீரே பெருகியிருந்தது. கூன்முதுகு மகசீர் அருகி மறையும் நிலையை எட்டியிருந்தது. நூறாண்டுக்கும் மேலாக உலகப்புகழ் பெற்றிருந்த அம்மீனுக்கு உறுதியான அறிவியற் பெயர்கூட அதுவரை இல்லை. 2018இல்தான் அதன் அடையாளம் 'டோர் ரெமாதேவி' என உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாகவும் அது உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

எடையை அறிந்திருந்தார்கள், இனத்தை அறியவில்லை. மீனைக் காப்பதாக எண்ணி, ஒரு மீனைக்கொண்டே மற்றொரு மீனுக்கு இடரிழைத்தார்கள். இவ்வுண்மையை வெளிப்படுத்தியதோ ஒரு முகாமின் எளிய நாட்பதிவு. ஆராய்ச்சிக்காக எழுதப்படாத அக்குறிப்பு இல்லையேல், ஒரு பேராற்றின் இழப்பு எவருக்கும் தெரியாமலே நிகழ்ந்து முடிந்திருக்கும். காவிரி கற்பித்த பாடம் இதுவே: காவல் மட்டும் போதாது, எதைக் காக்கிறோம் என்ற அறிவும், கண்டதை எழுதிவைக்கும் பழக்கமும் வேண்டும்.

பேராக்கின் வட எல்லையில்

காவிரியின் மகசீருக்கு மலேசியாவில் நெருங்கிய உறவினர் உண்டு. மலாய் மக்கள் 'கெலா' என அழைக்கும் மீன் அதே இனத்தது. காட்டாறுகளின் தெளிந்த நீரில் வாழ்ந்து, கரைமரங்களிலிருந்து உதிரும் பழங்களை உண்பது. இக்காரணத்தால் செம்பனைப் பழத்தையே இரையாகக் கட்டும் வழக்கம் தூண்டிலாளரிடையே உண்டு. தோட்டத்துப் பழம் காட்டு மீனுக்கு இரையாவது இந்நாட்டிற்கே உரிய காட்சி.

பேராக் ஆறு கெலாவுக்குப் பேர்போனதாயிருந்தது. ஆற்றின் குறுக்கே 1930இல் செண்டெரோ அணை எழுந்தது. 1970களின் பிற்பகுதியில் மேலாற்றில் தெமெங்கோர் அணை நிறைவுற்றுப் பெரும் ஏரி உருவாயிற்று. 1980களில் பெர்சியா, கெனெரிங் அணைகள் தொடர்ந்தன. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. ஆற்றின் மேலும் கீழும் இடம்பெயர்ந்து வாழும் மீனுக்கோ வழி அடைபட்டது. காட்டில் வாழ்ந்த பூர்வகுடி மக்களின் குடியிருப்புகளும் இடம்பெயர்ந்தன. ஏரியில் தேக்கநீரை விரும்பும் தோமான், செபாராவ் முதலிய மீன்கள் பெருக, கெலா ஏரிக்கு மேலுள்ள காட்டாறுகளுக்குள் ஒதுங்கியது.

1982இல் கெரிக் நகரையும் கிழக்குக் கரையையும் இணைக்கும் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அச்சாலை தெமெங்கோர் ஏரியைப் பண்டிங் தீவின் வழியே கடக்கிறது. அதன்பின் நகரத்துத் தூண்டிலாளருக்கு வட பேராக்கின் நீர் எட்டும் தொலைவுக்கு வந்தது. பாகான் செராயிலிருந்தும் தைப்பிங், குவாலா கங்சார், லெங்கோங் வழியாகக் கெரிக்கை அடையலாம். பண்டிங் துறையில் படகு ஏறினால், அப்பால் வழி சொல்ல ஒருவர் வேண்டும். நீரில் மூழ்கி நிற்கும் பழைய காட்டின் மொட்டைமரங்கள் படகைக் கிழிக்கும். கைபோலக் கிளைத்த ஏரியின் வளைவுகளில் புதியவர் திசை தடுமாறுவர். படகோட்டியை மலாய் வழக்கில் 'தெக்கோங்' என்பர். மீன் கூடும் ஆழ்மடுவை 'லுபோக்' என்பர். எந்த லுபோக்கில் எப்பருவத்தில் மீன் நிற்கும் என்பதே தெக்கோங்கின் செல்வம். காட்டாறுகளுக்குள் ஜஹாய், தெமியார் குடியினரின் அறிவுக்கு நிகரில்லை. அவர்கள் பாதை காட்டுவோராகவும் படகு செலுத்துவோராகவும் பயணிகளுக்குத் துணைநிற்கின்றனர்.

2007இல் ஏரியின் வடபகுதிக் காடு, 117,500 எக்டர் பரப்பில், அரச பெலும் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கு நுழைவதற்கு அனுமதிச்சீட்டு வேண்டும். திரங்கானுவின் கென்யிர் ஏரிப் பகுதியிலுள்ள பெத்தாங் ஆற்றில் கெலா காப்பகம் அமைந்துள்ளது. சபாவில் 'தாகால்' என்னும் முறை வழங்குகிறது. 'தடை' என்பது அச்சொல்லின் பொருள். ஊர்மக்களே கூடி ஆற்றின் ஒரு பகுதியில் மீன்பிடிப்பதைத் தடைசெய்து, மீன் பெருகியபின் குறித்த காலத்தில் பொதுவாகப் பிடித்துப் பகிர்ந்துகொள்கின்றனர். அரசின் சட்டமும் ஊராரின் கட்டுப்பாடும் ஒருங்கே நின்று காக்கும் முறை இது. நீலகிரிச் சட்டத்தில் ஆற்றங்கரையோன் தடுக்கப்பட்டவன். தாகாலில் அவனே தடுப்பவன். நூறாண்டு இடைவெளியில் நிகழ்ந்த பெரிய மாற்றம் இதுவெனலாம்.

கிரியானின் எழுதாத பதிவேடு

இவ்வளவும் தொலைவிலுள்ள மலையையும் காட்டையும் பற்றியவை என்று கிரியான் மாவட்டத்து மாணவர் எண்ணிவிடலாகாது. நீரறிவு அவர்தம் வீட்டு வாயிலிலேயே இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரியான் கரும்புத் தோட்டங்களின் நிலம். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தோர் அச்சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டினர், கரும்பு நட்டனர். பின்னர் இரப்பரும் அதன்பின் செம்பனையும் வந்தன. நெல் விளைநிலங்களுக்கு நீர் தருவதற்காகக் குராவ் ஆற்றுநீரைத் தேக்கிய புக்கிட் மேரா நீர்த்தேக்கம் 1906இல் பயன்பாட்டுக்கு வந்தது. நாட்டின் முதற் பெரும் பாசனத் திட்டம் அதுவே. இருப்புப்பாதை அந்த ஏரியின் நடுவே சென்றது. இரு மருங்கும் நீர் தளும்ப, அதன்மேல் புகைவண்டி ஊர்ந்த காட்சியைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

நீர் வந்தது, மீனும் வந்தது. வரால், கெளுத்தி முதலியன வயலிலும் வாய்க்காலிலும் பெருகின. 1920களில் தாய்லாந்திலிருந்து கொண்டுவரப்பட்ட செப்பாட் சியாம் என்னும் மீன் கிரியான் வயல்களில் செழித்தது. காற்றையும் சுவாசிக்க வல்லதாகையால், உயிர்வளி குறைந்த வயல்நீரிலும் அது வாழ்ந்தது. நெற்கதிர் முற்றும் காலத்தில் வயல்நீரை வடிப்பர். மீன்கள் வயலின் தாழ்ந்த மூலையில் தோண்டிய குளத்தில் வந்து ஒதுங்கும். அதனை இறைத்துப் பிடித்து, உப்பிட்டுக் கருவாடாக்கி விற்ற வருவாய் ஏழை உழவருக்கு இரண்டாம் விளைச்சலாயிற்று. இங்கும் அயல்மீன் ஒன்று வந்து ஊர்மீனானது. ஆனால் இது துரைமாரின் விளையாட்டுக்கு வந்த மீன் அன்று. உழவரின் அடுப்புக்கு வந்த மீன்.

ஆண்டுக்கு இருபோக நெல்லும் பூச்சிக்கொல்லி மருந்தும் பரவியபின், 1970கள் தொட்டு வயல்மீன் குன்றியது. வயலில் நீர் நிற்கும் காலம் சுருங்கியது. மருந்து கலந்த நீர் மீனுக்கு நஞ்சாயிற்று. புக்கிட் மேராவில் பெயர்பெற்ற கெலிசா மீனுக்கு வேறுவகை இடர் நேர்ந்தது. முட்டைகளையும் குஞ்சுகளையும் ஆண்மீன் தன் வாயிலேயே வைத்துக் காப்பது அதன் இயல்பு. நற்பேறு தரும் அழகுமீன் என விலை ஏற ஏற, குஞ்சுக்காகவே தாங்கிநின்ற தந்தைமீனையும் பிடித்தனர். பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு அதன் இனம் அருகியது.

கிரியானின் வாய்க்காலையும் ஏரியையும் கழிமுகத்தையும் நன்கறிந்தோர் முதியோராகிவிட்டனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணம் சேர்ந்தபின், வாய்க்காலில் தூண்டில் போட்ட சிறுவரும் தாத்தாக்களாயினர். எந்த மதகடியில் கெளுத்தி கூடும், மழைக்கு முன் வரால் எவ்வாறு மேலெழும், எந்த ஆண்டிலிருந்து எந்த மீன் காணாமற் போயிற்று என்பன அவர்கள் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவர்களை எவரும் வழிகாட்டி என்று அழைத்ததில்லை. ஆயினும் காவிரிப் பரிசற்காரரிடமும் தெமெங்கோர்த் தெக்கோங்கிடமும் இருந்த அதே அறிவுதான் அது.

கலிபோரே முகாமின் பதிவேடு ஓர் ஆற்றின் உண்மையை உலகுக்கு உரைத்தது. அத்தகைய பதிவேட்டைத் தொடங்குவதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் கேட்கும் செவியும் போதும். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் தம் பாட்டனாரிடம் அமர்ந்து, அவர் பிடித்த மீன்களின் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் கேட்டு, பிடித்த இடத்தையும் ஏறத்தாழ ஆண்டையும் எழுதிவைத்தால், அது வரலாற்றுப் பணியே ஆகும். அப்பக்கத்தின் தலைப்பில் மீனின் எடையை எழுதுவதற்கு முன், சொன்னவரின் பெயரை எழுதவேண்டும். நூறாண்டுத் தூண்டில் வரலாறு எழுதாமல் விட்டது அந்தப் பெயரைத்தான்.